பாதமும் பாதணியும்



மலைநாட்டுத் தமிழரின் வரலாறு காலடியிலே தொடங்கிய வரலாறு. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே, கோப்பித் தோட்டங்களுக்கு ஆள் வேண்டுமென்று தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து அழைத்துவரப்பட்டோர், மன்னார்க் கரையில் தோணி விட்டிறங்கி, காடுகளினூடே மாத்தளை வரையிலும், அங்கிருந்து கண்டிச் சீமையின் மலைகள் வரையிலும் நடந்தே வந்தனர். வழியிற் பசியாலும் கொள்ளைநோயாலும் மாண்டவர் பலர். எஞ்சியோர் காட்டைத் திருத்திக் கோப்பி நட்டனர். 1869 ஆம் ஆண்டிலே தோன்றிய இலைநோய் கோப்பியைப் படிப்படியாக அழித்தது. அதற்கு ஈராண்டு முன்னர், 1867 இல், ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் நட்டுவைத்திருந்த தேயிலை பின்னர் அம்மலைகளை மூடிக்கொண்டது. பயிர் மாறியது, நடை மாறவில்லை. நுவரெலியாவிலும் ஹட்டனிலும் இன்றும் மலையேறாமற் கொழுந்து இல்லை.

தோட்டத்திலே பறித்த கொழுந்தை நிறுக்கத் தராசு உண்டு. பெய்த மழையை அளக்கக் கருவி உண்டு. மலையை அளந்து எழுதிய ஏடு உண்டு. இத்தனைக்கும் அடியிலே நின்று சுமக்கின்ற பாதத்தை எவரேனும் அளந்து பார்த்ததுண்டா? இன்றைய பேச்சு அந்த அளவைப் பற்றியது.

விடியற்காலையிற் பிரட்டுக் களத்திலே பேர் பதிந்தவுடன் தொழிலாளியின் பாதத்துக்கு வேலை தொடங்கிவிடுகிறது. கொழுந்தெடுக்கும் பெண் சமதளத்தில் நிற்பதில்லை. சரிவுக்குக் குறுக்கே, ஒரு கால் மேலேயும் ஒரு கால் கீழேயுமாக நிற்கிறாள். கீழ்க்காலின் வெளிவிளிம்பிலே பாரம் விழுகிறது. நிரை மாறும்போது ஈரக் கானைத் தாண்டவேண்டும். கூடை நிறைந்து இறங்கும்போது விரல்கள் முன்னே நெருக்குண்கின்றன. காலிலே கிடப்பது பெரும்பாலும் இரண்டு வாருள்ள மெல்லிய இறப்பர் செருப்பு. அது நழுவாதிருக்க விரல்கள் நாள் முழுவதும் அதனைப் பற்றிக்கொண்டிருக்க வேண்டும். மழை பிடித்து மண் குழைந்துவிட்டால், செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வெறுங்காலோடு ஏறுவோரும் உண்டு. அட்டைக்கும் முள்ளுக்கும் அவர்கள் பழகிவிட்டார்கள்.

வெறுங்கால் நடையின் தீங்கை இந்நாட்டுத் தோட்டங்கள் முன்னரும் ஒருமுறை கண்டிருக்கின்றன. கொக்கிப்புழு மண்ணிலிருந்து வெறும் பாதத்தின் தோலைத் துளைத்து உடம்பினுட் சென்று, குடலிலே தங்கி இரத்தத்தை உறிஞ்சுவது. அதனை ஒழிக்கும் இயக்கம் அமெரிக்க நாட்டு றொக்பெல்லர் நிறுவனத்தின் துணையோடு 1916 இல் இலங்கைத் தோட்டங்களிலே தொடங்கிற்று. மலசலகூடமும் மருந்தும் பாதணியும் சேர்ந்தே அந்நோயைத் தணிக்க வல்லன என்பது அப்போது பெற்ற பாடம். பாதம் உடம்பின் வாயிற்படி. அதனைக் காவலின்றி விட்டால் உள்ளே நுழைவது இன்னதென்று சொல்ல இயலாது.

இனி, பாதத்தின் அமைப்பைச் சிறிது நோக்குவோம். ஒரு பாதத்திலே 26 எலும்புகள் உள்ளன. இரண்டிலும் 52. மனித உடம்பின் 206 எலும்புகளில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு பாதங்களிலேயே இருக்கிறது. இவ்வெலும்புகள் வில்லைப்போல் வளைந்து, தசையாலும் நாராலும் கட்டுண்டு நிற்கின்றன. குதிகால், பெருவிரலின் அடி, சிறுவிரலின் அடி ஆகிய மூன்றுமே பாரத்தைப் பெரிதும் தாங்குமிடங்கள். வளைவு நன்றாயிருந்தாற் பாரம் பரந்து விழும். வளைவு தட்டையாகிவிட்டாலும், அளவுக்கு மிஞ்சி உயர்ந்துவிட்டாலும் பாரம் ஓரிடத்திலே குவியும். ஒரே நிறையைப் பலகைமீது வைத்தால் மண் தாங்குகிறது. ஆணியின் முனைமீது வைத்தால் ஆணி மண்ணிலே இறங்கிவிடுகிறது. பாதத்திலும் இதே கணக்குத்தான். எவ்வளவு பாரம் என்பதைக் காட்டிலும், எவ்வளவு இடத்திலே அது விழுகிறது என்பதே முக்கியம்.

பாரம் குவியும் பாதம் முதலிலே நோகும். காலையிற் படுக்கையைவிட்டு எழுந்து முதலடி வைக்கும்போது குதிகாலிலே ஊசி குத்துவது போன்ற வலி பலருக்கு உண்டு. குதிகாலிலிருந்து விரல்கள்வரை செல்லும் தடித்த நார் தேய்ந்து நலிவதால் அது பெரும்பாலும் உண்டாகிறது. அந்த வலி தொல்லையானதுதான். ஆயினும் அது நன்மையும் செய்கிறது. அந்தப் பாதத்துக்குரியவர் சற்று நொண்டுவார், காலை மாற்றி வைப்பார், ஓரிடத்திலே உட்காருவார், வைத்தியரைத் தேடுவார். அஞ்சவேண்டியது நோகின்ற பாதத்தையன்று, நோகாத பாதத்தையே.

பாதம் நோகாமற்போவது எவ்வாறு? இக்காலத்தில் அதற்குப் பெருங்காரணம் நீரிழிவு. இலங்கையில் வயது வந்தோரில் ஐவரில் ஒருவருக்குக் குறையாமல் இந்நோய் உண்டென்பதை 2018, 2019 ஆம் ஆண்டுகளில் நடந்த நாடளாவிய ஆய்வு காட்டிற்று. அது பட்டணத்துச் செல்வரின் நோய் என்று எண்ணியிருந்த காலம் போய்விட்டது. லயக்காம்பராவிலும் அது குடிபுகுந்துவிட்டது. இரத்தத்திலே சீனி பல்லாண்டு மிகுந்திருந்தால், காலின் நுனி நரம்புகள் மெல்லக் கெடும். முதலில் எரிவும் விறைப்பும் தோன்றும். பின்னர் அவையும் அடங்கிவிடும். அடங்கிவிட்டதே என்று நோயாளி மகிழ்கிறார். உண்மையிலே அடங்கியது நோயன்று, நோயை அறிவிக்கும் மணி.

ஒரு பெண்ணைக் கற்பனையிலே நிறுத்திப் பார்ப்போம். ஐம்பது வயதைத் தாண்டியவள். பத்தாண்டாக நீரிழிவு உள்ளவள். ஒரு நாள் மலையிலிருந்து இறங்கிவந்து, செருப்பைக் கழற்றி வாசலிலே வைத்துவிட்டு உள்ளே நுழைகிறாள். பேத்தி பின்னாலிருந்து கூவுகிறாள்: “அம்மாயி, காலெல்லாம் இரத்தம்!”

“எங்கேடி? எனக்கு ஒன்றும் நோகவில்லையே!”

செருப்பினுள்ளே ஒரு கூரிய கல். காலையிலிருந்து அதன்மீதே அவள் நடந்திருக்கிறாள். மஞ்சளை வைத்துத் துணியாற் கட்டிக்கொண்டு மறுநாளும் மலைக்குப் போகிறாள். போகாவிட்டால் ஒரு பேர் போய்விடுமே. நோவில்லாத காயத்துக்காக எவர்தாம் ஒரு நாட் சம்பளத்தை விடுவார்? இரண்டு வாரத்தில் விரல் கறுத்துவிடுகிறது. பின்னர் ஆஸ்பத்திரி, பின்னர் விரலில்லாத கால், சிலருக்கு அதன் பின்னர் காலே இல்லாத வாழ்வு. இவள் கற்பனைப் பெண்தான். எனினும், இவளைப் போன்றவரைத் தெரியாத தோட்டம் அரிது.

நோவறியாத பாதத்தின் மருமத்தை உலகுக்கு விளக்கியவருள் முதன்மையானவர் தமிழ்நாட்டு மண்ணிலே பிறந்த ஓர் ஆங்கில வைத்தியர். அவர் பெயர் போல் பிரான்ட். 1914 இல், கொல்லிமலையிலே பணிசெய்த சமயத் தொண்டர்களின் மகனாகப் பிறந்தவர். இலண்டனிலே வைத்தியம் பயின்று, 1946 இல் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்குச் சத்திரசிகிச்சை நிபுணராக வந்தார். தொழுநோயாளரின் விரல்கள் நோயினாலேயே அழுகி உதிர்கின்றன என்றே அந்நாளிற் பலரும் நம்பினர். பிரான்ட் கூர்ந்து நோக்கினார். தொழுநோய் நரம்பைக் கெடுக்கிறது. நரம்பு கெட்டதும் நோவு மறைகிறது. நோவு மறைந்ததும் மனிதர் தம் கையையும் காலையும் தாமே சிதைத்துக்கொள்கின்றனர் என்ற உண்மை அவருக்குப் புலனாயிற்று. உள்ளங்காற் புண்ணுக்குப் பெருங்காரணம், ஒரே இடத்திலே ஓயாது விழும் காலடிகள். நோவுள்ளவர் தம்மை அறியாமலே நடையை மாற்றிக்கொள்கிறார். நோவற்றவரோ முதலடி வைத்தவாறே பத்தாயிரமாவது அடியையும் வைக்கிறார்.

அவர் வாழ்விலே ஒரு சம்பவம் உண்டு. ஒருமுறை இங்கிலாந்திலே நெடும் இரயிற் பயணம் முடித்துக் களைத்திருந்த இரவில், தம் குதிகால் உணர்வற்றிருப்பதை அவர் கண்டார். ஊசியாற் குத்திப் பார்த்தார், நோகவில்லை. தமக்கும் தொழுநோய் வந்துவிட்டதென்று எண்ணி இரவெல்லாம் கலங்கினார். விடிந்ததும் மீண்டும் குத்தினார். சுரீரென்று நொந்தது! பயணத்திலே நரம்பு நெருக்குண்டதால் வந்த விறைப்பே அது. அந்த நோவை ஒரு வரமாக ஏற்று அவர் மகிழ்ந்தார். நோவை வரமென்று கண்டவர், அவ்வரம் இல்லாதாருக்கு எதை ஈடாகக் கொடுக்கலாமென்று ஆராய்ந்தார். மென்மையான நுண்துளை இறப்பரைப் பாதத்தின் கீழ் வைத்து, முள்ளும் ஆணியும் ஏறாத கடினமான அடியை அதன்கீழ்ப் பொருத்திச் செய்த செருப்புகள் வேலூரிலும் அதனை அடுத்த காரிகிரியிலும் நோயாளருக்கு வழங்கப்பட்டன.

இலங்கைக்கும் இக்கதையிலே பெருமைக்குரிய பங்கு ஒன்று உண்டு. உள்ளங்காற் புண்ணுடையோரைப் படுக்கையிலே கிடத்தாமல், பாதத்தோடு பொருந்திய மாக்கட்டு இட்டு நடமாடவிட்டே புண்ணை ஆற்றும் முறையை, 1930களிலேயே இந்நாட்டிற் கையாண்டவர் டாக்டர் மில்றோய் போல். அவர் பின்னர் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் சத்திரசிகிச்சைப் பேராசிரியராக விளங்கியவர். அம்முறை இந்தியாவிலும் கையாளப்பட்டது. 1966 இல் பிரான்ட் அமெரிக்க நாட்டுக் கார்வில் தொழுநோய் வைத்தியசாலைக்குச் சென்றபோது, அங்கும் அது வேரூன்றியது. தொழுநோயாளருக்காகக் கண்ட வழி நீரிழிவு நோயாளருக்கும் பொருந்துமென்பது அங்கே தெளிவாயிற்று. இன்று உலகெங்கும் நீரிழிவுப் புண்ணுக்கு இடப்படும் அம்மாக்கட்டின் தொடக்கத்திலே ஓர் இலங்கை வைத்தியரின் கைவண்ணம் இருக்கிறது.

மாக்கட்டு புண்ணை ஆற்றும். ஆறிய புண் மீண்டும் வராதிருக்கச் செய்வது பாதத்தாங்கி. பாதணியினுள்ளே, பாதத்தின் கீழே, அந்த ஒரு பாதத்துக்கென்றே அளவெடுத்து வார்த்து வைக்கும் தட்டையே இங்கே பாதத்தாங்கி என்கிறோம். கடையிலே விற்கும் மெத்தைத் தட்டு எல்லாப் பாதத்துக்கும் ஒன்றே. வைத்தியர் எழுதிக் கொடுத்துச் செய்யும் பாதத்தாங்கியோ, இடது பாதத்துக்குச் செய்தது வலது பாதத்துக்கும் ஆகாது. செருப்புக்கேற்பக் காலை வெட்டுவார் உண்டோ என்று முதியோர் கேட்பதுண்டு. காலுக்கேற்பச் செருப்பை ஆக்குவதே இக்கலை.

இது பயன் தருமா என்று ஐயுறுவோருக்குச் சென்னையிலிருந்து ஒரு சான்று உண்டு. அங்குள்ள நீரிழிவு வைத்தியசாலையொன்றின் வைத்தியரும், மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தாரும் சேர்ந்து நடத்திய ஆய்வு 2004 இல் வெளியாயிற்று. முன்னர்ப் புண் வந்த நீரிழிவு நோயாளருட் சிலர் பாரத்தைத் தணிக்கும் உட்தட்டுள்ள செருப்பை அணிந்தனர். சிலர் வழக்கமான செருப்பையே அணிந்தனர். வழக்கமான செருப்பு அணிந்தோரில் ஏறக்குறைய மூவரில் ஒருவருக்குப் புதிதாகப் புண் வந்தது. மற்றையோரிடத்தில் அது மிகச் சிறுபான்மையே.

இனி, பாதத்தாங்கி பெறச் செல்வோர் அறியவேண்டிய முறையைக் கூறுவோம்.

முதலாவது, பழைய செருப்பையும் கையோடு கொண்டுசெல்ல வேண்டும். புதுச்செருப்பு மரியாதைக்கு உதவும். பழைய செருப்போ உண்மையைச் சொல்லும். எந்த ஓரம் தேய்ந்திருக்கிறதோ அந்த ஓரத்திலேதான் பாரம் விழுகிறது. இரண்டாவது, வைத்தியர் உணர்வைச் சோதிப்பார். வளையும்போது பத்துக் கிராம் நிறையின் அழுத்தத்தை மட்டும் தரக்கூடிய நைலோன் இழையொன்றை உள்ளங்காலிற் பல இடங்களிலே தொடுவார். நோயாளி கண்ணை மூடிக்கொண்டு, தொட்டதை உணரும்போதெல்லாம் சொல்லவேண்டும். ஊகித்துச் சொல்லுதல் கூடாது. அது வைத்தியரை ஏமாற்றுவதன்று, தன்னையே ஏமாற்றிக்கொள்வது. மூன்றாவது, பாதத்து நாடியைப் பார்ப்பார். இரத்தம் சரிவர ஓடாத காலுக்கு வேறு சிகிச்சை முதலில் வேண்டும். ஆறாத புண் இருந்தால் அதனை ஆற்றுவதே முதற்பணி.

அதன் பின்னரே அளவெடுத்தல். மிருதுவான நுரைப்பெட்டியிலே பாதத்தை அமிழ்த்தியோ, மாக்கட்டு இட்டோ பாதத்தின் வடிவத்தைப் பதிவு செய்வார்கள். அதனின்று மாவினால் ஒரு மாதிரிப் பாதத்தை வார்த்து, அதன்மீது சூடாக்கிய நுரைத்தகட்டை அழுத்திப் பாதத்தாங்கியை உருவாக்குவார்கள். புண் வந்த இடத்திலே குழிவாகவும், விரலடிக்குச் சற்றுப் பின்னே மேடாகவும், வளைவின் கீழே தாங்கலாகவும் அதனைச் செதுக்குவார்கள். ஆணிமுனைப் பாரம் பலகைப் பாரமாகிவிடுகிறது.

இவ்விடத்திலே தோட்டத் தொழிலாளி வாய் திறந்து சொல்லவேண்டியது ஒன்று உண்டு. தாம் செய்யும் வேலை இன்னதென்று சொல்லவேண்டும். “நான் அலுவலகத்திலே நடப்பவளல்ல, ஐயா, மலைச்சரிவிலே ஈரத்திலே நிற்பவள்” என்று சொன்னாலன்றி, செய்பவருக்கு அது தெரியாது. இரண்டு வார்ச் செருப்பிலே பாதத்தாங்கி நில்லாது. குதிகாலைப் பிடிக்கும் பின்வாரும், விரல்களுக்கு இடமும், வழுக்காத அடியும் உள்ள பாதணி வேண்டும். நனைந்தால் ஊறிக் கெடாத பொருளாற் செய்ததாயிருத்தல் நன்று. ஊறும் தோலைவிட நுண்துளை இறப்பர் இங்கே பெரிதும் ஏற்றது.

புதிய பாதத்தாங்கியை முதல்நாளே மலைக்கு அணிந்து செல்லலாகாது. முதலில் ஒருமணி, இரண்டுமணி நேரம் வீட்டிலே அணிந்து, கழற்றிப் பாதத்தைப் பார்க்கவேண்டும். சிவந்த இடம் சிறிது நேரத்தில் மறையாவிட்டால், செய்தவரிடமே மீண்டும் காட்டித் திருத்திக்கொள்ள வேண்டும். நாள்தோறும் நேரத்தைக் கூட்டிக்கொண்டு போகலாம். நனைந்ததை அடுப்பருகே காயவைத்தலும் ஆகாது. சூட்டினால் ஆனது சூட்டினாலேயே வடிவு குலையும். பாதத்தையும் அடுப்பருகே காயவைத்தல் ஆகாது. நுவரெலியாக் குளிரிலே அடுப்பினருகே கால் நீட்டி உட்காருதல் இனிமையானது. உணர்வில்லாத காலோ வெந்தபின்னும் சொல்லாது. அணிய அணியப் பாதத்தாங்கி அமுங்கித் தட்டையாகும். ஆகவே, குறித்த தவணையிலே காட்டிப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும்.

மலைநாட்டார் இதற்கு எங்கே செல்வது? முதற்படி தோட்டத்து டிஸ்பென்சரியும் அருகிலுள்ள அரசாங்க வைத்தியசாலையின் நீரிழிவுக் கிளினிக்குமே. டிக்கோயாவிலே இந்திய அரசின் உதவியோடு கட்டப்பட்டு, 2017 மே மாதத்திலே திறக்கப்பட்ட 150 கட்டில் வைத்தியசாலை உண்டு. நுவரெலியாவிலே மாவட்டப் பொது வைத்தியசாலை உண்டு. கண்டியை அடுத்த திகனையிலே புனர்வாழ்வு வைத்தியசாலை உண்டு. செயற்கை அவயவமும் அங்கத் தாங்கிகளும் செய்யும் வல்லுநரைப் பயிற்றும் கல்லூரியொன்று 2004 முதல் இலங்கையிலேயே நடந்து வருகிறது. கிளினிக் நாளிலே வைத்தியரிடம் பாதத்தைக் காட்டி, பாதத்தாங்கி எங்கே செய்யப்படுகிறது என்று கேட்டு, அனுப்புக் கடிதம் பெறவேண்டும். சீனியின் அளவைக் கேட்டு, குளிசையை வாங்கிக்கொண்டு திரும்பிவிடுவோர் பலர். செருப்பைக் கழற்றாமல் முடிந்த கிளினிக் பாதிக் கிளினிக்கே.

தடைகள் இல்லாமலில்லை. கிளினிக்குக்குப் போனால் ஒரு பேர் போகும். பஸ்ஸுக்குப் பணம் வேண்டும். அளவெடுக்க ஒரு நாள், பொருத்த ஒரு நாள், திருத்த ஒரு நாள் என்று மூன்று நாள்கள் போகலாம். இவையெல்லாம் உண்மையே. ஆனால் கணக்கை முழுதும் பார்க்கவேண்டும். ஒரு புறம் மூன்று பேர். மறு புறம் ஒரு கால். கால் போனவருக்கு மலையிலே பேர் இல்லை. இக்கணக்கைத் தொழிலாளி மாத்திரம் போட்டாற் போதாது. தோட்ட நிர்வாகமும் தொழிற்சங்கமும் போடவேண்டும். நீரிழிவுள்ள தொழிலாளிக்குக் கிளினிக் நாளிலே சம்பள இழப்பின்றி விடுப்புக் கிடைக்குமாயின், அது தருமமன்று. தேர்ந்த தொழிலாளியைக் காத்துக்கொள்ளும் சிக்கனம். ஒவ்வொரு டிஸ்பென்சரியிலும் ஒரு நைலோன் இழை இருத்தலும் பெருஞ்செலவன்று.

ஜெய்ப்பூரிலே 1968 இல் உருவான செயற்கைக் கால், கொழும்பிலே 1985 முதல் ஒரு தொண்டுச் சங்கத்தால் ஏழைகளுக்கு வழங்கப்பட்டு வருகிறது. கால் இழந்தவரை எழுந்து நடக்கச் செய்யும் அறம் பெரிது. கால் இழவாமற் காத்தல் அதனினும் பெரிது. அதற்கு ஆகும் செலவோ சிறிது.

வீட்டிலே செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. மாலையிலே கால் கழுவித் துடைத்தபின், உள்ளங்காலையும் விரலிடுக்கையும் வெளிச்சத்திலே பார்த்தல். தானே குனிந்து பார்க்க இயலாதவர், முகம் பார்க்கும் கண்ணாடியைத் தரையிலே வைத்துப் பார்க்கலாம். அல்லது வீட்டிலுள்ள பிள்ளையைக் கூப்பிடலாம். எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளைக்குப் பாட்டியின் பாதத்தைப் படிப்பதும் ஒரு பாடந்தான். காலையிலே பாதணியைக் கவிழ்த்துத் தட்டி, உள்ளே கையை விட்டுத் தடவிப் பார்த்து அணிதல் வேண்டும். நோவு செய்துவந்த காவலை இனிக் கண்ணும் கையும் செய்யவேண்டும்.

மன்னார்க் கரையிலிருந்து நடந்துவந்த அந்தப் பாதங்களுக்கு அளவெடுப்பார் ஒருவரும் இருக்கவில்லை. அவர்களின் பேரர்க்கும் பேத்தியர்க்கும் அளவெடுக்க ஆள் உண்டு, கலை உண்டு, பொருள் உண்டு. அடுத்த கிளினிக் நாளிலே செருப்பைக் கழற்றிப் பாதத்தைக் காட்டவேண்டியதுதான் எஞ்சியிருக்கிறது.